கதவு நிலைக்கு மேலால்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

நீ குரல்பதிவில் கேட்டதற்கு நானும் குரல்பதிவிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பேச எனக்கு வருவதில்லை. பாதியில் விரல் நழுவிவிடும், சொன்னதெல்லாம் எங்கோ போய்விடும். அதனால் கடிதம். படம் எடுத்து அனுப்பும் வேலையை அம்மா பார்த்துக்கொள்வாள்.

உன் சின்னவன் இலங்கையின் விளையாட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேசப்போவதை வாசித்தேன். 1996இல் உலகக் கிண்ணம், ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்கள், தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம், ஒரு சிங்கக் கொடிப் படம். பெரிய பிழை ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் நல்ல புள்ளியே போடுவேன். ஆனால் தீவு என்று தொடங்கியவன் கடலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே! 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி கடலை நீந்திக் கடந்து இந்தியாவின் கோடியக்கரையில் ஏறியதைச் சொல். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பி வந்ததைச் சொல். அவரை ஆழிக்குமரன் என்றுதான் நாங்கள் அழைப்போம். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போய் அந்தக் கடலிலேயே உயிரை விட்டார். விளையாட்டு வீரர் என்ற சொல்லை நான் யோசித்துத்தான் பாவிப்பேன். அவருக்கு அந்த யோசனை தேவையில்லை.

பதக்கங்களைப் பற்றியும் இரண்டு வரி. 1948 லண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வாங்கினார். அடுத்த பதக்கத்துக்கு இந்த நாடு 52 வருடம் காத்திருந்தது. 2000 சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார். முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண் ஊக்கமருந்துக் குற்றத்தில் பதக்கத்தை இழந்தபோது வருடக் கணக்கில் தாமதித்து அது வெள்ளியானது. சின்னவன் வெண்கலம் என்று எழுதியிருக்கிறான், அதைத் திருத்தச் சொல். கரப்பந்தாட்டம் 1991இல்தான் தேசிய விளையாட்டு ஆனது. இங்கே அதற்கு அறிவித்தல் தேவைப்படவில்லை. ஆவரங்கால், புத்தூர்ப் பக்கம் மாலை நாலரைக்கு எந்த ஒழுங்கையில் போனாலும் தண்ணீர் தெளித்த மண் தரையும் இரண்டு கம்பமும் ஒரு வலையும் கண்ணில் படும். நடுவரோடு சண்டை பிடிக்கும் ஒருவனும் கட்டாயம் இருப்பான்.

இனி நீ கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டதற்கு வருகிறேன். 'அப்பா, அப்போது நாங்களும் இலங்கைக்குத்தான் கைதட்டினோமா?' அவனுக்காகக் கேட்டாயா, உனக்காகக் கேட்டாயா என்று தெரியவில்லை. இரண்டு கதை சொல்கிறேன். எதைப் பேச்சில் சேர்ப்பது என்பதை நீயே பார்த்துக்கொள்.

முதலாவது 1958. எனக்கு எட்டு வயது. மே மாதக் கடைசியில் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பள்ளிக்கூடப் பையனாக 1952இலேயே ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போய் வந்தவர். அவர் டோக்கியோவில் பாய்ந்த அதே நாட்களில்தான் இனக்கலவரத்தில் தெற்கில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த என் சித்தப்பா, அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். உன் அப்பப்பாவோடு நானும் போயிருந்தேன். சித்தப்பாவின் கையில் ஒரு பையும் இல்லை, குடை மட்டும் இருந்தது. எத்தனையோ பொருட்களை விட்டுவிட்டு வந்த மனிதன் ஏன் குடையை எடுத்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனம் தாங்காமல் அப்பப்பா, 'எங்கள் பையன் டோக்கியோவில் தங்கம் எடுத்துவிட்டான், கேள்விப்பட்டாயா?' என்றார். சித்தப்பா குடையைப் பார்த்துக்கொண்டே, 'எந்த நாட்டுக்கு?' என்று கேட்டார். 'இலங்கைக்கு' என்றார் அப்பப்பா. சித்தப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெல்லிப்பழை தாண்டிய பிறகு, 'எவ்வளவு உயரம்?' என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது கதையில் நீயும் இருக்கிறாய். உனக்கு நாலு வயது, அம்மாவின் மடியில் நித்திரை. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் ஊரைவிட்டுக் கிளம்பியபோது நாங்களும் கிளம்பினோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே மணித்தியாலக் கணக்காயிற்று. பிறகு மீசாலையில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் ஆறு குடும்பங்களாக இருந்தோம். 1996 மார்ச் 17 அன்றும் அங்கேதான். லாகூரில் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி.

மின்சாரம் போய் ஆறு வருடமாகிவிட்டது. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான். ஆனால் எங்களிடம் சைக்கிள் இருந்தது. அதை விறாந்தையில் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைப் பின்சில்லு டயரில் உரச விட்டு, அதிலிருந்து இரண்டு வயரை வானொலிப் பெட்டிக்கு இழுத்திருந்தோம். ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றவேண்டும். வேகம் குறைந்தால் வர்ணனையாளர் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார். ஒரே சீராகச் சுற்றினால்தான் கிரிக்கெட். ஐந்து ஓவருக்கு ஓர் ஆள் என்று முறை வைத்திருந்தோம். ஜாம் போத்தல் விளக்கு ஒன்று, சைக்கிளைச் சுற்றி இருபது பேர்.

ஆஸ்திரேலியா 241 எடுத்தது. அணியில் இருந்த தமிழர் முரளிதரன், எங்களுக்கு முரளி, பத்து ஓவரில் 31 ஓட்டம்தான் கொடுத்தார், ஒரு விக்கெட். அந்தப் பெயர் வானொலியில் வரும்போதெல்லாம் ஆட்கள் ஒரு முழம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இலங்கை ஆடத் தொடங்கி 23 ஓட்டத்துக்குள் இரண்டு விக்கெட் போய்விட்டது. அதன் பிறகு அரவிந்த டி சில்வா. பந்துவீச்சில் மூன்று விக்கெட் எடுத்து, இரண்டு பிடியும் பிடித்துவிட்டு வந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் நூறு அடித்ததும் பெடலில் இருந்த பையன் இரண்டு கையையும் எடுத்துக் கைதட்டிவிட்டான். வானொலி செத்துவிட்டது. அவன் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு சட்டம் போட்டோம், சுற்றுகிறவன் கைதட்டக் கூடாது.

கடைசி ஓவர்கள் என் முறை. அணித்தலைவர் ரணதுங்க கடைசிப் பவுண்டரியை அடித்தபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் குந்தியபடியே சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்த வீட்டுக்கார ஆச்சி, 'யாரடா வென்றது?' என்று குரல் கொடுத்தார். அந்த நூறுக்குக் கைதட்டிய பையனே, 'நாங்கள், ஆச்சி' என்றான்.

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டு எங்களைப் பார்த்தான். ஒருவரும் அவனைத் திருத்தவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்த வருடம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் எங்களோடு இருந்தார். முழு ஆட்டத்தையும் தூணோடு சாய்ந்திருந்து கேட்டவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பையனையும் யாரும் ஏசவில்லை. ஆச்சி மட்டும் 'நல்லது, விளக்கை நூர்த்துவிட்டுப் படுங்கள்' என்றார்.

கைதட்டினோமா என்றுதானே கேட்டாய்? என் கை பெடலில் இருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை உனக்கு ஒளிக்க விரும்பவில்லை.

ஏப்ரலில் வீடு திரும்பினோம். கூரையில் பாதி ஓடு இல்லை, என் விளையாட்டுச் சாமான் பெட்டியில் ஒரு விசில்கூட மிஞ்சவில்லை. அந்தக் கதை உனக்குத் தெரியும்.

கைதட்டக் கூடாது என்ற அந்தச் சட்டத்திலிருந்து வெளியே வர எனக்கு நெடுநாள் எடுத்தது. முரளி 2010 ஜூலையில் காலியில் தன் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது தட்டினேன், அதில் பிரச்சினை இல்லை. பிறவியிலேயே முழங்கையை முழுதாக நீட்ட முடியாத ஒரு மனிதனை வருடக்கணக்கில் பந்தை வீசவில்லை, விதியை மீறி எறிகிறான் என்று சொல்லி அலைக்கழித்தார்களே, அந்தக் கோபமும் சேர்ந்துதான் தட்டியது. ஆனால் 2021இல் டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஈட்டியோடு வந்து நின்றபோது கை மடியிலேயே இருந்தது. போரில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர். அந்தப் போர் எங்கே நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் எறிந்தார். 67.79 மீற்றர், உலக சாதனை, பராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கம். ஈட்டி கையை விட்டுப் போன கோணம் அவ்வளவு சுத்தம். வாத்தியார் புத்தி கொஞ்சம் முந்திக்கொண்டது. தட்டிய பிறகுதான் தட்டியது தெரிந்தது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

சின்னவனின் பேச்சில் பெண்கள் என்று பார்த்தால் சுசந்திகா மட்டும்தான். இதற்குத்தான் உண்மையில் புள்ளியைக் குறைத்தேன். 2022ஆம் வருடம் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்று கால் வீங்கிய வருடம். செப்டெம்பர் 11 அன்று துபாயில் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. அதே நாள் சிங்கப்பூரில் வலைப்பந்தாட்ட அணி, சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணிலேயே 63க்கு 53 என்று வென்று ஆசியச் சம்பியன் ஆனது. மறுநாள் நான் வாங்கிய பேப்பரில் கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம், வலைப்பந்துக்கு ஒரு தீப்பெட்டி அளவு. அந்த அணியில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வளையத்துக்குக் கீழே நின்று கோல் போட்டுக்கொண்டிருந்தார். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துத் தர்ஜினி சிவலிங்கம், 2009இலும் 2018இலும் அதே கிண்ணத்தை வென்ற அணிகளில் இருந்தவர். உயரம் 6 அடி 10 அங்குலம். எங்கள் ஊரில் உயரமான பெண்பிள்ளை பஸ்ஸில் ஏறினால் என்னென்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். நீ ஒன்பதாம் வகுப்பில் கூனிக்கொண்டு நடந்ததற்கு நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன்!

வியாஸ்காந்தை அவனுக்குத் தெரியும் என்றாய். ஐபிஎல் கிரிக்கெட்டில் சன்ரைசர்ஸுக்கு ஆடிய பையன். அவனும் எதிர்வீரசிங்கம் படித்த அதே மத்திய கல்லூரிதான் என்று சொல்லிவிடு, அவன் வகுப்பில் அதற்குத்தான் மதிப்பு இருக்கும்.

இன்னொரு யோசனை. படம் காட்டுவதற்குப் பதிலாக அவன் ஒரு அளவுகோலைக் கொண்டுபோகட்டும். போன மாரியில் உன் வீட்டில் வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடந்தபோது பொழுதுபோகாமல் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். உன் வீட்டு அறைக் கதவு சரியாக 80 அங்குலம், 6 அடி 8. மீற்றரில் 2.03. எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரமும் அதுவே. முதுகைக் காட்டிப் பாயும் இந்தக் கால முறை 1968 மெக்சிகோவுக்குப் பிறகுதான் உலகெங்கும் பரவியது. இவர் அதற்குப் பத்து வருடம் முந்தியவர். இங்கே நாங்கள் பழகிய காலத்தில் விழுவதற்கு மெத்தையும் இல்லை, கொத்திவிட்ட மணல் குழிதான்.

அவனைக் கதவு நிலைக்குக் கீழே நிறுத்திக் கையை உயர்த்தச் சொல். எட்டாது. நீ உயர்த்து, எட்டும். தர்ஜினி வந்தால் குனிந்துதான் உள்ளே வர வேண்டும் என்று சொல். பிறகு அந்த நிலையின் மேல் கட்டையைக் காட்டு. ஒரு மனிதன் ஓடிவந்து அதற்கு மேலால் போனான் என்று சொல். எந்த நாட்டுக்கு என்று அவன் கேட்டால் எனக்குத் தொலைபேசி எடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா