தீவுல போயி இருக்கலாம்தான், தண்ணி யாரு எடுக்க?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட இணைப்புல, ரிட்டயர் ஆனவங்க டவுன் இரைச்சலை விட்டுட்டு கடலோரமா ஒரு அமைதியான ஊரா பாத்துப் போயிரணும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீக. போட்டது போட்டீக, அதை எங்க வீட்டுக்காரவுக கத்திரிக்கோலால வெட்டி பிரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டிட்டாக. காலையில பால் பாக்கெட் எடுக்கப் போனா அதுதான் முதல்ல கண்ணுல படுது. அதான் இந்த லெட்டர்.

விசயம் என்னன்னா, பாளையங்கோட்டையில நாங்க இருக்கிறது வாடகை வீடு, ஓனர் மக கல்யாணமாகி வாறதால காலி பண்ணணும். பையன் தூத்துக்குடியில ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்ல வேலை பாக்கான், "ரெண்டு பேரும் இங்கனயே வந்திருங்க, பக்கத்துத் தெருவுல வீடு பாக்கேன்"ங்கான். எங்க வீட்டுக்காரவுகளுக்கு தூத்துக்குடின்னாலே ஆகாது. லாரி, தூசி, சிம்னின்னு ஒரு லிஸ்ட் வாசிப்பாக. அவுக ஆசையெல்லாம் பாம்பன் தீவுதான், தங்கச்சிமடம் பக்கத்துல எங்க அண்ணன் தோட்டத்துல ஒரு சின்ன ஓட்டு வீடு சும்மா கிடக்கு. "ஏட்டி, உன் ஊருதான, உனக்கென்ன கஷ்டம்"ன்னு கேக்காக.

என் ஊருங்கிறதாலதான் அண்ணாச்சி வேண்டாம்ங்கேன்.

அவுக அந்த ஊருக்கு மாப்பிள்ளையா போனவுக. வேப்பமரத்து அடியில கட்டிலப் போட்டு, நண்டும் கணவாயும் ஆக்கிப் போட்டு, சாயங்காலம் தோட்டத்துல மல்லிப் பதியனுக்கு தண்ணி ஊத்துறத வேடிக்கை பாக்கவிட்டா யாருக்குத்தான் அந்த ஊரு பிடிக்காது? அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாகளா. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில மணல்ல ஊத்துத் தோண்டி, கசிஞ்சு கசிஞ்சு வாறத சிரட்டையால கோரிக் கோரி குடத்துல ஊத்தணும், ஒரு குடம் நெறையுறதுக்குள்ள முதுகு விட்டுப்போகும், ஆழமா தோண்டுனா உப்பு ஏறிரும்னு அம்மா வையும். இப்ப காவிரித் தண்ணி கூட்டுக் குடிநீர் திட்டத்துல குழாயில வருது, சந்தோசம், ஆனா எத்தனை நாளைக்கு ஒருக்கன்னு எங்க மதினிகிட்ட கேட்டுட்டு அப்புறமா கட்டுரை எழுதுங்க.

எனக்கு கல்யாணம் ஆனது 1987-ல, நான் தீவை விட்டு வந்த மறுவருசம்தான் ரோட்டுப் பாலம் தொறந்தாக. அது வரைக்கும் 1914-ல வெள்ளைக்காரன் கட்டுன ரயில் பாலத்தை விட்டா படகுதான். எங்க அக்காவுக்கு ராத்திரியில வலி வந்தது, நல்ல வாடைக்காத்து சமயம், ரயிலை நிப்பாட்டிட்டாக, விடியக்காலம் காத்து கொஞ்சம் அடங்கவும் வள்ளத்துல ஏத்தி அக்கரையில இருக்கிற மண்டபம் ஊருக்கு கொண்டு போறதுக்குள்ள நடுக்கடல்லயே பிள்ளை பொறந்துட்டு. அந்தப் பிள்ளை இப்ப தூத்துக்குடியில கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுதான், அவனும் தீவுக்குத் திரும்பிப் போக மாட்டேங்கான்.

இப்பதான் புதுப்பாலம் வந்துட்டேங்காக அவுக. வந்துச்சு, 2025 ஏப்ரல்ல. அதுக்கு முந்தி 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயிலை நிப்பாட்டுனது, ரெண்டு வருசத்துக்கு மேல தீவுக்குள்ள ரயிலே கிடையாது, அந்தச் சமயம் எங்க அண்ணனுக்கு கண் ஆபரேசனுக்கு மதுரை போய் வர மண்டபம் வரைக்கும் பஸ்சு, அங்கன இறங்கி ரயிலுன்னு லோல்பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

அமைதி அமைதிங்கீகளே, அதையும் சொல்லிருதேன். தீவுக்கு வடக்க பாக் ஜலசந்தி, தெக்க மன்னார் வளைகுடா, நாங்க வடகடல் தென்கடல்ம்போம். வாடைக்காத்துல வடகடல் குமுறும், தென்கடல் குளம் மாதிரி கிடக்கும், கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து அடிச்சா அப்படியே மாறிரும். பாக்க அவ்வளவு அழகு, இல்லேங்கல. ஆனா விசைப்படகு போயி திரும்பி வரலைன்னா, இலங்கை நேவி பிடிச்சுட்டுன்னு போன் வந்தா, அன்னைக்கு ராத்திரி தெருவுல ஒரு பொம்பளையும் தூங்க மாட்டா. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியே போச்சு, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலும் சனத்தோட போச்சு. எங்க ஆச்சி அதைப் பத்தி பேசவே பேசாது, காத்து சத்தம் மாறுனா மட்டும் எந்திரிச்சு உக்காந்துக்கிடும். டூரிஸ்ட்டு வண்டி எல்லாம் இப்ப அங்கனதான் போயி நின்னு செல்பி எடுக்கான்.

தூத்துக்குடி சொர்க்கம்னு நான் சொல்லல அண்ணாச்சி. அங்கன மாடியில வெள்ளை வேட்டி காயப்போட முடியாது, சாம்பத்தூசி படியும். 2018 மே 22-ஆம் தேதி காப்பர் ஆலைப் போராட்டத்துல துப்பாக்கிச் சூடு நடந்து 13 உசுரு போன ஊரு அது, அதை மறந்துட்டு யாரும் அங்கன குடியிருக்க முடியாது. 2023 டிசம்பர் மழையில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்ப பையன் வீட்டுல தரைத்தளம் பூராம் தண்ணி, வண்டி, வாசிங் மெசின், பீரோ எல்லாம் போச்சு, ஒரு வாரம் மாடியில பிரட்டைத் தின்னுக்கிட்டு கிடந்தாங்க. நம்ம தாமிரபரணியில ஸ்ரீவைகுண்டத்துல இருந்து 20 எம்ஜிடி திட்டம்னு, அதாவது ஒரு நாளைக்கு ரெண்டு கோடி காலன், ஆலைகளுக்குத் தண்ணி போகுது, அதுல நம்ம விவசாயிக கோவப்படுறது நியாயந்தான். இதெல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுதேன்.

ஆனாலும் அது தொழில் இருக்கிற ஊரு. 1986 வரைக்கும் நம்ம ஜில்லாதான, நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரி ஊருக்குள்ளயே இருக்கு, மெடிக்கல் காலேஜோட. முடியலைன்னா நம்ம பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நாலுவழிச் சாலையில ஒரு மணி நேரம். வெளிய கால வச்சா ஆட்டோ. பையன் போன தடவை என்னைய பழைய ஹார்பருக்கு கூட்டிட்டுப் போனான், அங்கன மாலத்தீவுக்குப் போற தோணியில வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லின்னு ஏத்திக்கிட்டு இருந்தாங்க, இத்தனை கன்டெய்னர் கப்பல் வந்த பொறவும் தோணி ஓடுதேன்னு ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன். ஒரு தீவுக்காரிக்கு இன்னொரு தீவுக்குப் போற சாமானைப் பாத்தா என்ன தோணும்னு அவுகளுக்குச் சொன்னா புரியல. "அங்கயும் எல்லாம் தோணியிலதான் வரணும்"னேன். பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டாக.

எனக்கு 59 வயசு, சுகர் இருக்கு. அவுக அமைதியா கடலைப் பாத்து உக்காந்திருக்கையில மீனைக் கழுவி, தண்ணி பிடிச்சு, கேஸ் வண்டி எப்ப வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கப் போறது நான்தான. உங்க கட்டுரையில அஞ்சு பேருகிட்ட கருத்து கேட்டிருந்தீக, அஞ்சும் ஆம்பளைக. அடுத்த தடவை அந்த வீட்டு அடுப்படியிலயும் போயி ரெண்டு வார்த்தை கேளுங்க. தீவுக்குள்ள ராத்திரி பத்து மணிக்கு மேல நெஞ்சு வலின்னா ராமநாதபுரம் போயிச் சேர எத்தனை நேரம் ஆகுதுன்னு ஒரு நிருபரை அனுப்பி பாக்கச் சொல்லுங்க, அதை முதல் பக்கத்துல போட்டாலும் தப்பில்ல.

வீட்டுல இப்போதைக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். ஐப்பசி முழுக்க அவுக மட்டும் அந்த ஓட்டு வீட்டுல போயி இருக்கணும், அண்ணன் வீட்டுல சாப்பாடு வாங்கக் கூடாது, தண்ணி அவுகளே பிடிக்கணும். திரும்பி வந்து எந்த ஊருன்னு அவுக சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுதேன். சரின்னுட்டாக. டார்ச்சுக்கு புது பேட்டரியும் ரெண்டு கொடமும் வாங்கி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.