அளவு சரியாக இருந்தும் உடை ஏன் தொந்தரவு செய்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் சட்டையோ கால்சட்டையோ வாங்கிச் சென்று, சில நாள் உடுத்திய பின் திரும்பி வந்து, “அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று தொந்தரவு செய்கிறது” என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்லும்போதே பலர் தம் உடம்பின் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். எடை கூடிவிட்டது, தோள் இறங்கியிருக்கிறது, எதைப் போட்டாலும் தோல் தாங்குவதில்லை என்று தாங்களே காரணமும் கூறிவிடுகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் உடையைத் தையல் பிரித்துப் பார்த்தால், குறை பெரும்பாலும் வெட்டிலோ தையலிலோ ஒரு விரற்கடைக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதைச் செய்தவர்கள் நாங்கள் என்பதால், விளக்க வேண்டிய கடமையும் எங்களுடையதே.

கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் இடுப்பிலிருந்து மேலேறி வந்துவிடுகிறது என்று ஒருவர் கூறியபோது, அடுத்த அளவுச் சட்டையை எடுத்துக் கொடுத்தோம். அவர் அதை அணிந்து மேல்தட்டில் இருந்த ஒரு பெட்டியை எட்டிப் பிடித்தார். இது முன்னதைவிட அதிகமாக ஏறியது. கைக்குழி, அதாவது சட்டையின் உடற்பகுதியில் கைத்துணியைப் பொருத்தும் திறப்பு, ஆழமாக இருந்தால் கை தாராளமாக அசையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கை உயரும்போது கைக்குழியின் அடிப்பகுதியும் அதனோடு சேர்ந்து இழுபடுகிறது என்பதால், அது அக்குளை ஒட்டி இருந்தால் இழுப்பு அந்த இடத்தோடு நின்றுவிடும். நான்கு விரல் தாழ்ந்திருந்தால், சட்டையின் பக்கத்துணி முழுவதையும் தூக்கிக்கொண்டுதான் கை மேலே போக முடியும். பெரிய அளவில் கைக்குழியும் பெரிதாகிவிடுவதால், நாங்கள் கொடுத்த மாற்று அவருடைய சிரமத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

இப்போது கைக்குழியைச் சற்று உயர்த்தி வெட்டுகிறோம். கைத்துணியின் மேல் வளைவைத் தாழ்த்தி, அகலத்தைக் கூட்டுகிறோம். இதற்கு ஒரு விலை உண்டு: கை தொங்கும் நிலையில் அக்குளருகே இரண்டு மூன்று மடிப்புகள் விழும். கண்ணாடி முன் நின்று பார்ப்பவருக்கு அது தையல் குறையாகத் தெரியலாம். உண்மையில் அது, கையை உயர்த்தும்போது தேவைப்படும் துணி அங்கே காத்திருப்பதன் அடையாளம். மடிப்பே விழாமல் வழவழவென்று நிற்கும் கை, பெரும்பாலும் நிற்பதற்கு மட்டுமே வெட்டப்பட்ட கை.

கழுத்தைப் பற்றியும் ஒரு சொல். மனிதக் கழுத்து தோளிலிருந்து நேராக மேலெழாமல் சற்று முன்சாய்ந்து நிற்கிறது. ஆகவே முன்கழுத்து இறக்கம் பின்கழுத்தைவிடக் கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். அந்த வேறுபாடு போதாத சட்டை தொண்டையை அழுத்தும், அணிந்தவர் நாளெல்லாம் முன்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார். காலரில் உள்ள காஜாவை, அதாவது பட்டன் துளையை, படுக்கை வசத்தில் எடுப்பதும் கழுத்தை எண்ணித்தான்: கழுத்து அசையும்போது பட்டன் அதற்குள் சிறிது நகர இடம் கிடைக்கிறது.

கால்சட்டையில் கவனிக்க வேண்டியது உட்காரும் நிலை. நின்றபடி அளவெடுக்கிறோம், ஆனால் நாளின் பெரும்பகுதியைப் பலர் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். உட்காரும்போது இடுப்பின் பின்புற நீளம் கூடுகிறது, முன்புறம் மடிந்து குறைகிறது. பின்பக்க உயரத்தில் அதற்கான துணியை விடாமல் வெட்டினால், இடுப்புப்பட்டி பின்னால் கீழிறங்கி, முன்னால் வயிற்றில் குத்தும். இத்துடன், இரண்டு கால்களின் உள்தையலும் முன் பின் நடுத்தையலும் கவட்டில் ஒரே புள்ளியில் சந்திப்பதால், அங்கே துணி அடுக்கடுக்காகத் தடித்து நிற்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் நெடுநேரம் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கும் அந்த முடிச்சு எப்படி உறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாய்சதுர வடிவில் ஒரு சிறு துண்டை அங்கே வைத்துத் தைத்தால் தையல்கள் விலகிச் சந்திக்கும், கால் அகலவும் இடம் கிடைக்கும். வேலை கூடுதல்தான், ஆனால் அந்தத் துண்டை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

இடுப்பு எலாஸ்டிக் பற்றிக் கேட்பவர்களுக்கு: இழுப்பு ஒன்றாகவே இருக்கும்போது, 3 செ.மீ. அகலமுள்ள எலாஸ்டிக் உடலில் தரும் அழுத்தம், 1 செ.மீ. எலாஸ்டிக் தருவதில் மூன்றில் ஒரு பங்குதான். மாலையில் இடுப்பில் சிவந்த தடம் விழுந்தால் அளவை மாற்றும் முன் அகலத்தைப் பாருங்கள். பனியன் துணியில் தைத்த உடையின் பக்கத்தையல் சில துவைப்புகளுக்குப் பின் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தால், அதற்கும் உங்கள் உடம்புக்கும் தொடர்பில்லை. நூலில் ஏற்றிய முறுக்கு நனைந்து தளரும்போது துணியையும் திருப்பிவிடுகிறது.

எங்களை அதிகம் வருந்தச் செய்வது குழந்தைகளின் உடைகள்தான், ஏனென்றால் எங்கே குத்துகிறது என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. உடையை உள்புறமாகத் திருப்பி, உங்கள் விரல் நுனியால் அல்லாமல் மணிக்கட்டின் உட்பக்கத்தால் தையலைத் தடவிப் பாருங்கள். துணி விளிம்பு பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையலின் மேடும், வெட்டாமல் விட்ட நூல் முனையும், நைலான் நூலாக இருந்தால் அதன் கூர்மையும் அங்கே தெளிவாகத் தெரியும். கழுத்து லேபிள்களைச் சூடான கத்தியால் வெட்டுவது வழக்கம் என்பதால், உருகி இறுகிய விளிம்பு தோலைச் சுரண்டுகிறது. அதனால் கழுத்து விவரங்களைத் துணியின் மேலேயே அச்சிடத் தொடங்கியிருக்கிறோம். முன்பே வாங்கிய உடைகளில் லேபிளைக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டாம். மிஞ்சும் அடிக்கட்டை இன்னும் விறைப்பாக நின்று குத்தும். தையலைப் பிரித்து முழுவதுமாக எடுங்கள், அல்லது எங்களிடம் கொண்டுவாருங்கள், எடுத்துத் தருகிறோம்.

இனி உடையைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியை விட்டுச் சற்று விலகி, இரு கைகளையும் உயர்த்தி, நாற்காலியில் அமர்ந்து, குனிந்து செருப்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்காக அணிந்து பார்க்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். தொந்தரவு தரும் உடையைத் திருப்பிக் கொண்டுவரும்போது தேய்த்து மடித்துக் கொண்டுவர வேண்டாம். அணிந்து கழற்றிய நிலையிலேயே கொண்டுவந்தால், கசங்கிய கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைப் பார்த்து, துணி எங்கே இழுபடுகிறது என்று எங்களால் கண்டுகொள்ள முடியும்.

அன்புடன்,
வெட்டுமேசையிலும் தையல் எந்திரத்திலும் பணிபுரியும் நாங்கள்