தள்ளிவையுங்கள், ஆனால் தேதி போட்டு

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் வெளியீட்டுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பையும் சில்லறை வழுக்களையும் (நிரல் பிழைகளையும்) அடுத்த திருத்தப் பதிப்புக்கு, உதாரணமாக 4.0.1-க்கு, தள்ளிவிட்டு, குறித்த நாளில் 4.0 என்ற பெரிய பதிப்பை வெளியிடுவது என்ற முடிவில் எங்களுக்குச் சண்டை இல்லை. எல்லா மொழியும் நூறு சதவீதம் முடியட்டும் என்று காத்திருந்தால் எந்த மென்பொருளும் வெளியே வராது. ஆனால் தள்ளிவைப்பதற்கு முன்பே முடித்தாக வேண்டிய வேலைகள் சில உண்டு.

மொழிபெயர்ப்பு 4.0.1-இல் வரும் என்றால், 4.0 கிளையின் (அந்தப் பதிப்புக்கெனத் தனியாகப் பிரித்த நிரல் பிரதியின்) ஆங்கிலச் சரங்களை, அதாவது திரையில் தெரியும் வாசகங்களை, 4.0 வெளியாகும் முன்பே மாற்றமில்லாமல் உறையவைக்க வேண்டும். அதன்பின் யாரோ ஒருவர் ஒரு வாக்கியத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தாலே போதும். மாறிய சரங்களை மொழிபெயர்ப்புக் கோப்புகளில் சேர்க்கும் எம்எஸ்ஜிமெர்ஜ் (msgmerge) கருவி ஓடியதும், அந்த வரியின் மொழிபெயர்ப்பில் 'சரிபார்க்க வேண்டும்' என்று பொருள்படும் ஃபஸ்ஸி (fuzzy) குறி விழும். ஃபஸ்ஸி வரிகளை, மொழிபெயர்ப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி (msgfmt) கருவி, மென்பொருள் படிக்கும் எம்ஓ (.mo) கோப்பில் இயல்பாகவே சேர்க்காது. நேற்றுவரை தமிழில் இருந்த மெனு இன்று ஆங்கிலத்தில் நிற்கும். பொருள் மாறாத எழுத்துப்பிழைத் திருத்தம் என்றால், மொழிபெயர்ப்பு எழுதப்படும் எல்லா பிஓ (.po) கோப்புகளிலும் ஆங்கில மூலத்தைத் தாங்கும் எம்எஸ்ஜிஐடி (msgid) வரியை அதே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) மாற்றிவிடுங்கள். அதுவரை, மொழிபெயர்ப்பாளர்கள் வேலை செய்யும் வெப்லேட் (Weblate) தளத்தைப் பூட்டிவைக்காவிட்டால் மெர்ஜ் மோதல் (ஒரே இடத்தில் இரு மாற்றங்கள் முட்டிக்கொள்வது) வரலாம். அதற்கு நேரமில்லையா, திருத்தத்தையே அடுத்த பதிப்பான 4.1-க்கு விட்டுவிடுங்கள். க்னோம் (GNOME) என்ற லினக்ஸ் மேசைத்தளத் திட்டத்தில் உறைநிலைக்குப் பிறகு ஒரு சரத்தைத் தொட மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களின் ஒப்புதல் வேண்டும். கெடுபிடி போலத் தெரிந்தாலும் அந்த விதி நியாயமானது.

கிளை பிரிந்ததும் வெப்லேட் எந்தக் கிளையைப் பார்க்கிறது என்று சரிபாருங்கள். அது மெயின் என்ற முதன்மைக் கிளையிலேயே நின்றுவிட்டால், 4.1-இல் வரப்போகும் சரங்களை எல்லாரும் மும்முரமாக மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள், 4.0.1-க்கு ஒரு வரிகூட வந்து சேராது.

மொழிபெயர்ப்பு வேலை என்று முத்திரை குத்தித் தள்ளப்படுவதில் பாதி, உண்மையில் நிரல் வேலை. "10 கோப்புகளில் 3 முடிந்தது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 3 முன்னால் வரும், 10 பின்னால் வரும். தமிழில் நேர் எதிர். வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டி நிரலில் ஒட்டியிருந்தால், எந்த மொழிபெயர்ப்பாளராலும் அதைச் சரிசெய்ய முடியாது. முழு வாக்கியமும் ஒரே சரமாக இருந்தால்தான் %1$d (முதல் எண்), %2$d (இரண்டாம் எண்) என்று இடம் மாற்றிப் போட முடியும். பன்மையும் அப்படித்தான். ஜப்பானியத்துக்கு ஒரு வடிவம், தமிழுக்கு இரண்டு, ரஷ்யனுக்கு மூன்று, அரபுக்கு ஆறு. ஆங்கிலச் சொல்லின் பின்னால் ஓர் 'எஸ்' ஒட்டிவிட்டு நகர்ந்தவர், எண்ணுக்கேற்ற பன்மை வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் என்கெட்டெக்ஸ்ட்டுக்கு (ngettext) மாற, சரத்தையே மாற்றியாக வேண்டும். உறையவைத்த பின் அதற்கு இடமில்லை. ஆகவே இவை சரங்களை உறையவைக்கும் முன்பே முடிய வேண்டியவை.

சில்லறை வழு என்ற பட்டியலையும் ஒருமுறை தமிழில் ஓட்டிப் பாருங்கள். அகலம் நிலையாக வைத்த பொத்தானில் "நீக்க வேண்டாம்" என்பது வெட்டுப்பட்டு "நீக்க…" என்று நிற்கலாம். வழுப்பதிவில் அது தோற்றக் குறைபாடு. திரையின் முன் இருப்பவருக்கோ கோப்பு போய்விடும். இது வெளியீட்டை நிறுத்த வேண்டிய வழு. வரி உயரம் போதாமல் 'கீ'யின் மேல்சுழி மறைவது அசிங்கம்தான், ஆனால் அது காத்திருக்கும்.

எண்ணைக் குறிக்கும் %d இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துச் சரத்தைக் குறிக்கும் %s எழுதிய ஒரு மொழிபெயர்ப்பு, சி மொழியில் எழுதிய நிரலை அப்படியே விழவைக்கலாம். எம்எஸ்ஜிஎஃப்எம்டியை --செக் (--check) விருப்பத்தோடு ஒவ்வொரு பில்டிலும் (நிரலைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும்) ஓட்டினால் பிடிபட்டுவிடும். சரத்தின் மேல், அதில் %d போன்ற குறிகள் உண்டு என்று சொல்லும் சி-ஃபார்மட் (c-format) குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் அது சோதிக்காது. இந்தச் சோதனை இருந்தால், பிஓ கோப்புகள் மட்டும் மாறிய திருத்தப் பதிப்புக்கு முழுச் சோதனைச் சுற்று தேவைப்படாது. பில்ட் ஆகிறதா என்று பார்த்து, முக்கியமான திரைகளைத் திறந்து பார்த்தால் போதும்.

தள்ளிவைத்த ஒவ்வொரு வழுவுக்கும் வழுப்பதிவில் 4.0.1 என்ற மைல்கல்லை, அதாவது எந்தப் பதிப்பில் முடியும் என்ற குறியை, போடுங்கள். 'பிறகு' என்ற மைல்கல் வேண்டாம். அதற்குள் போனதை யாரும் திறப்பதில்லை. வெளியீட்டுக் குறிப்பிலேயே சரங்கள் உறைந்த நாள், மொழிபெயர்ப்பு ஏற்கும் கடைசி நாள், 4.0.1 வரும் நாள் மூன்றையும் எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வார இறுதிகள் இருக்கட்டும். இந்த வேலைக்குப் பெரும்பாலானோர் உட்காருவது சனி, ஞாயிறுகளில்தான்.

இப்படிக்கு,
மொழியாக்கத் தன்னார்வலர்கள்