இழுத்தும் பிடிக்காத இயந்திரங்கள்: மீனவர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கூடுதாழை முதல் கூட்டப்புளி வரையுள்ள நம் கடற்கரை ஊர்களின் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

இக்கரையில் 22 ஆண்டுகளாக வள்ளங்களின் பின்புறம் மாட்டி, கயிற்றை இழுத்து இயக்கும் அவுட்போர்டு இயந்திரங்களைப் பழுது பார்த்து வருகிறேன். என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒன்றே: "காலையில் இழுத்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது." இதற்காகப் புதிய இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு உங்களிடம் வருவோரும் உண்டு. அந்தக் கடனைப் பரிந்துரைக்கும் முன்பாகக் கடற்கரையிலேயே செய்து முடிக்கக்கூடிய சில ஏற்பாடுகளை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு அமைந்த ஊரில் இயந்திரம் பிடிக்கத் தாமதமானால் கரை ஏலத்தின் நேரம்தான் தவறும். வளைவு இல்லாத ஊரில், தள்ளிவிட்ட வள்ளம் அலை உடையும் இடத்தில் நிற்கும்போது இயந்திரம் பிடிக்காமல் போனால், அடுத்த அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிவிடும். பக்கவாட்டில் அலை வாங்கிய வள்ளம் கவிழ எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளுக்குப் பராமரிப்பு நேரம் கிடைக்கிறது. நம் வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லாததால், கடல் அடிக்கிற ஆனி, ஆடி நாட்களைத் தவிர இயந்திரத்திற்கு ஓய்வே கிடையாது. அந்த ஓய்வு நாட்களிலும் உள்ளே எரிபொருளோடு கிடப்பதால்தான் ஆவணியில் முதல் நாள் இழுக்கும்போது அது முரண்டு பிடிக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், மூன்று பேர் மாறி மாறி இழுத்துத் தோள் ஓய்ந்து உட்கார்ந்திருந்த வள்ளம் ஒன்றிற்கு என்னை அழைத்தார்கள். எரிபொருளையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குத் தரும் கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, உள்ளிருந்ததை ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலில் வடித்து, டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மேலே பெட்ரோல், அடியில், பாட்டிலைச் சாய்க்கும் பக்கமெல்லாம் முத்து முத்தாக உருண்டு ஓடிய தண்ணீர். கார்புரேட்டரையும் எரிபொருள் குழாயையும் துடைத்துச் சுத்தம் செய்து, கேனில் புதிய பெட்ரோல் ஊற்றியதும் மூன்றாவது இழுப்பில் இயந்திரம் பிடித்தது. வாங்கிப் பொருத்திய உதிரிப்பாகம் ஒன்றுகூட இல்லை.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை நம் உறுப்பினர்கள் அனைவரும் அறிய வேண்டும். இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடி சரியாக இறுகாத கேன் உப்புக் காற்றில் நாட்கணக்கில் கிடந்தால், தாங்கும் அளவைத் தாண்டிய ஈரம் எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு அடியில் தனியாகத் தங்கிவிடும். இயந்திரம் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரைத்தான். ஆகவே, தேவைக்கு மட்டும் வாங்குவதும், நீர் பிரிக்கும் வடிகட்டி வைத்த புனல் வழியாக ஊற்றுவதும் இப்போது கட்டாயமாகிவிட்டன.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களுக்கு வேறொரு வழக்கமும் தேவை. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது என்பதால்தான் பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பின் மாற்றுகிறோம். ஆனால் கரை நெருங்கும்போது மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும் என்பதை, மீனை இறக்கும் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த நாள் கார்புரேட்டரில் மிச்சமிருப்பது மண்ணெண்ணெய்தான் என்பதால் எத்தனை பலசாலி இழுத்தாலும் அது தீப்பற்றாது.

பிடிக்காத இயந்திரத்தைப் பார்க்கும் வரிசையை இளைஞர்களுக்குக் கற்றுத் தந்தால் போதும். கழன்றால் இயந்திரத்தை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி செருகியிருக்கிறதா, கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது தொட்டி மூடியின் காற்றுத் திருகு. அது இறுகியிருந்தால் எரிபொருளைக் கையால் அழுத்தி ஏற்றக் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பந்து சப்பிப்போய் நிற்கும். திறந்த பிறகு, பந்தின் மேலுள்ள அம்புக்குறி மேல்நோக்கி நிற்கும்படி பிடித்து, கெட்டியாகும் வரை அழுத்த வேண்டும். அதன்பிறகும் பிடிக்காவிட்டால், தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அது காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் மிஞ்சிவிட்டது, அல்லது தீப்பொறி வரவில்லை. மிஞ்சியிருந்தால் சோக்கை உள்ளே தள்ளி, எரிபொருள் குழாயைப் பிரித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து சில முறை இழுத்தால் சரியாகும். பொறி சோதிக்கும்போது மட்டும் அருகில் திறந்த கேன் இருக்கவே கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தும், கயிறு வழக்கமான இறுக்கமின்றி இலேசாக வந்தால் பிஸ்டன் வளையத்தில் கோளாறு. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளக் தொப்பியிலும் கம்பி முனைகளிலும் படியும் உப்பு பொறியைப் பலவீனமாக்கும். குளிர்நீர் செல்லும் வழியில் தங்கும் உப்பு இயந்திரத்தைச் சூடேற்றி ஆயுளைக் குறைக்கும். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவச் சொன்னால், குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் எதைக் கொண்டு கழுவுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பவை மூன்று. ஒவ்வொரு ஊரிலும் வள்ளம் ஏற்றும் இடத்தருகே, இயந்திரத்தின் நீர் உறிஞ்சும் துளை முழுகும் ஆழத்தில் ஒரு நன்னீர்த் தொட்டி அமைத்துத் தாருங்கள். ஒரே தண்ணீரில் பல இயந்திரங்களைக் கழுவலாம், உப்பேறியதும் மாற்றினால் போதும். சங்க அலுவலகத்தில் பிளக்குகளும் ரப்பர் பந்துகளும் வடிகட்டிப் புனல்களும் இருப்பில் இருக்கட்டும். ஒரு பிளக்குக்காக நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்து ஏறும் உறுப்பினருக்கு ஒரு நாள் தொழில் போகிறது. ஆனி பிறக்கும் முன்பாக, கடலுக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், நான் மேலே சொன்ன வரிசையை இளைஞர்களைக் கொண்டே செய்து பழக்கும் வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். வகுப்புக்கு நான் கூலி கேட்கப் போவதில்லை. கருவிப் பெட்டியும் கழற்றிக் காட்ட ஒரு பழைய இயந்திரமும் என்னிடமே இருக்கின்றன. எந்த ஊருக்கு, எந்த ஞாயிறு என்று தெரிவித்தால் விடியும் முன்பே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உவரிக் கரையில் இயந்திரம் பழுது பார்ப்பவன்