கண்மாய்ப் பறவைக் கோபுரம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது கண்மாயின் மேற்குக் கரையில் பறவைகளைப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்ட கோபுரப் பணி, நாரைகள் வந்து இறங்குவதற்கு முன்பாகவே, புரட்டாசிக் கடைசியில் நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இணைக்கப்பட்டிருப்பதால், பலரும் கேட்ட கேள்விக்கே இங்கு முதலில் விடை கூறுகிறோம்: 30 அடி என்று பேசப்பட்ட கோபுரம் ஏன் 16 அடியோடு நின்றது?

மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களின் மேல் கூடு கட்டுகின்றன. கூட்டுக்கு மேலே ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவை மிரண்டு எழுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிச் செல்லும், இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் துவண்டுவிடும். வேடந்தாங்கலில் கரைமேல் நடந்தபடியே கூடுகளைக் காண முடிவதை நேரில் பார்த்து வந்த பிறகு, உயரத்தைவிட மறைவே முக்கியம் என்று குழு முடிவு செய்தது. நமது கோபுரம் கரைப் பனைகளின் கழுத்துக்குக் கீழேயே அடங்கி நிற்கிறது.

மறைவு என்றால் முன்பக்கத் தட்டி போதும் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். ஒரு மாலை மூங்கில் சாரத்தில் இருவரை ஏற்றி எதிர்க்கரையிலிருந்து பார்த்தபோது, தட்டியில் விட்டிருந்த பார்வைத் துளைகளின் வழியே பின்னாலிருந்த வானம் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே ஒருவர் கையசைத்தாலும் அந்த வெளிச்சம் விட்டுவிட்டு மறைந்தது. ஆகவே பின்பக்கமும் பனையோலையால் அடைக்கப்பட்டது.

கரையைத் தோண்டிக் கான்கிரீட் இட்டால் மண் இளகும் என்பதால், இரும்புக் கால்கள் கரையின் வெளிச்சரிவில், தோண்டாமல் மண்ணுக்குள் திருகி இறக்கும் திருகுக் கம்பங்கள் மீது நிறுத்தப்பட்டு, வேண்டும்போது கழற்றும்படி போல்ட்டால் இணைக்கப்பட்டன. பட்டறையில் போட்ட துளைகள் ஒரு காலில் பொருந்தாமல் போனதால் இரண்டு வாரம் வீணாயிற்று. படிகளில் செருப்போசை கேட்காதிருக்கத் தேங்காய் நார்ப்பாய் விரிக்கப்பட்டுள்ளது. விளக்கு வைக்கவில்லை.

திறப்பன்று வேட்டும் ஒலிபெருக்கியும் இல்லாதது சிலருக்குக் குறையாகப் பட்டது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி ஊர் மக்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டினோம்.

ஓலைத் தட்டிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியவை. முதல் மாற்றத்துக்கான ஓலையைக் கரையையொட்டிய தோட்டக்காரர்கள் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர். முடைவதற்குத்தான் ஆள் தேவை.

இப்படிக்கு,
பணிக்குழுவினர்