முகம் வரையத் தராத அத்தானுக்கு

அன்புள்ள அத்தான்,

இதை நீங்களாகப் படிக்க மாட்டீர்கள், அக்காதான் போனில் படித்துக் காட்டுவாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சில இடங்களை அவள் தாண்டிவிடவும் கூடும். தாண்டட்டும்.

இன்றைக்கு மே 14. வில்லியம் வான்ஸ் இறந்த நாள். பெயர் உங்களுக்குப் பிடிபடாது, நம்ம காமிக்ஸ் கதாநாயகன் பதிமூணை (XIII) வரைந்தவர், நீங்கள் எப்போதும் 'பதிமூணை வரைஞ்ச ஆளு' என்றுதான் சொல்வீர்கள். 2018-ல், ஸ்பெயினில் சாந்தாந்தேர் என்கிற கடலோர ஊரில், 82 வயதில் போனார். செய்தி பார்த்ததும் உங்களுக்குப் போன் போடத்தான் கை போனது. அப்போது நாம் பேசிக்கொள்ளாத காலம், அதனால் போடவில்லை. இப்போது எழுதுவதற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. என் ஃபிளெக்ஸ் கடையைக் கொடுத்துவிட முடிவு பண்ணிவிட்டேன். இந்த மாதக் கடைசியோடு சரி. மெஷினுக்கு ஆள் வந்தாயிற்று. நீங்கள் வரைந்து கொடுத்த கடை போர்டைக் கழற்றி வராந்தாவில் சாத்தி வைத்திருக்கிறேன், அதற்கு எதிரே உட்கார்ந்துதான் இதை அடிக்கிறேன்.

'படம் போதும் மாப்ள, ஆளைப் பத்தி என்னத்துக்கு' என்பீர்கள். இல்லை அத்தான், கேளுங்கள். அவர் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஆண்டர்லெக்ட்டில் 1935-ல் பிறந்தவர், நிஜப் பெயர் வான் கட்செம். அங்கே ராயல் அகாடமியில் ஓவியம் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போனார் தெரியுமா? விளம்பரப் படம் வரைய. சில வருஷம் அதுதான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறது. நம்ம வேலைதான். 1962-ல்தான் 'டின்டின்' காமிக்ஸ் வாரப் பத்திரிகைக்குள் நுழைகிறார், முதலில் குட்டிக் குட்டி உண்மைக் கதைகள், அப்புறம் கப்பல் கதை, கௌபாய் கதை, 1967-ல் புரூனோ பிரேசில் என்கிற தொடர், அதே வருஷம் இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து பாப் மொரேன் தொடர். பதிமூணு ஆரம்பித்த 1984-ல் அவருக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. கதை வான் ஹாம் என்பவருடையது. கடற்கரையில் ஒதுங்கின ஆள், தலையில் குண்டு, தோளோரம் பச்சை குத்தின பதிமூணு, இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்வதா? அந்தக் கதையைத் தமிழில் போட்ட லயன் காமிக்ஸின் 'இரத்தப் படலம்' முதல் பாகத்தை எனக்கு வாசித்துக் காட்டியதே நீங்கள்தான்.

சலூன் போர்டுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

1994, எனக்குப் பதினேழு வயது. பஸ் ஸ்டாண்ட் எதிரே புதுசாகத் திறந்த சலூனுக்கு ஆறடி தகரம். சலூன்காரர் சினிமா நடிகர் முகம் கேட்க, நீங்கள் பதிமூணைப் போட்டுவிடலாம் என்று முடிவு பண்ணியிருந்தீர்கள். புத்தகத்தில் தீப்பெட்டி அளவு இருந்த கட்டத்தின் மேல் பென்சிலில் சதுரம் போட்டு, தகரத்தில் நூலடித்து அதே சதுரங்களைப் பெரிசாக்கி, ஒவ்வொரு சதுரமாக முகத்தை மாற்றிக்கொண்டே வந்தீர்கள். நான் எழுத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன், எப்போதும் போல. 'கோட்டைப் பாரு மாப்ள, மூக்குக்குக் கோடே போடலை, நிழலை மட்டும் வச்சு மூக்கைக் கொண்டுவந்திருக்கான்' என்றீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போனீர்கள். இடது கண் மட்டும் பாக்கி. வைத்துவிட்டேன். கண்மணி, மேல் இமையின் கனம், ஓரத்தில் இரண்டு சுருக்கம், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம்.

திரும்பி வந்தீர்கள். சைக்கிளை நிறுத்தினீர்கள், நின்று பார்த்தீர்கள். திட்டவில்லை. துணியை டர்பென்டைனில் நனைத்து, பிழிந்து, அந்தக் கண்ணை மட்டும் சுத்தமாகத் துடைத்தீர்கள், பக்கத்தில் உங்கள் கோடு ஒன்றுகூட அழியாமல். பிறகு 'எழுத்து காஞ்சிருச்சா பாரு' என்றீர்கள்.

அவ்வளவுதான். மற்றபடி அந்தப் போர்டைப் பற்றி ஊருக்கு ஞாபகம் இருப்பது வேறு. காதோரம் அந்த நரைக் கொத்தைப் பார்த்துவிட்டு, 'சலூன் போர்டுல நரையா, கருப்படிச்சு விடுங்க' என்று கடைக்காரர் சண்டைக்கு வர, நீங்கள் 'அது நரை இல்லை, அடையாளம்' என்று சொல்லி ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை கல்யாண வீட்டில் சிரித்திருக்கிறோம். கண்ணைப் பற்றி மட்டும் நீங்களும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வான்ஸின் மனைவி பெட்ரா, ஸ்பெயின்காரர். அந்த அம்மாவின் தம்பி ஃபெலிசிமோ கோரியா. அக்கா வீட்டுக்காரருக்குக் கூடமாட வரைந்துகொண்டிருந்தவர்தான். 1979-ல் வான்ஸ் பாப் மொரேனையே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கண்ணை இல்லை அத்தான், ஒரு கதாநாயகனை. கோரியா அதை முப்பது வருஷத்துக்கு மேல் வரைந்தார். இதை முதல்முறை தெரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெட்ராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிமூணு தொடரின் ஆல்பங்களுக்கு வண்ணம் அவர். நாம் வருஷக்கணக்காகக் கருப்பு வெள்ளையில்தான் படித்தோம், 2010-ல் வந்த தலையணை சைஸ் தொகுப்பும் கருப்பு வெள்ளைதான், அதனால் அந்த அம்மாவின் கை நம் கண்ணில் படவே இல்லை. ஆனால் ஆல்பத்தில் பெயர் இருக்கிறது. உங்கள் போர்டுகளில் பாதிக்கு அடிவண்ணம் அடித்தது யார்? ஓரத்தில் யார் பெயர் இருக்கும்? (அக்கா, இதைத் தாண்டாமல் படி.)

துடைத்த அந்தத் துணிக்குப் பதிலாகத்தான் 2005-ல் ஃபிளெக்ஸ் மெஷின் வாங்கினேன் என்றால் அது சினிமா வசனம். கடன் கிடைத்தது, வாங்கினேன். நீங்கள் நாலு நாள் வரைவதை அது அரை மணி நேரத்தில் துப்பியது, சதுர அடிக் கணக்கில் பில் போட்டேன். நான் வாங்கியிருக்காவிட்டால் பஜாரில் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள், வாங்கவும் செய்தார்கள், ஒரே வருஷத்தில் மூணு மெஷின். இதை நான் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, ஒவ்வொரு தடவையும் உண்மைதான். ஆனால் உங்கள் பழைய கஸ்டமர் லிஸ்ட்டை வைத்துத்தான் நான் ஆரம்பித்தேன் என்பதும் உண்மை. அதை உங்களிடம் கேட்டு எடுக்கவில்லை. மன்னிச்சிருங்க. 2009-ல் நடந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள்.

வான்ஸின் கையைப் பார்க்கின்சன் நோய் நிறுத்தியது, 2010-ல் ஓய்வை அறிவித்தார். அதற்கு முன்பே, 2007-ல், பதிமூணு தொடரின் பதினெட்டாம் ஆல்பமும் பத்தொன்பதாம் ஆல்பமும் ஒரே நாளில் வந்தன. பதினெட்டு மட்டும் அவர் வரைந்தது இல்லை. நம்ம கௌபாய் காமிக்ஸ் கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோ வரைந்தார். வான்ஸ் ஏற்கெனவே ஜிரோவுக்காக டைகர் கதை இரண்டு வரைந்திருந்தார். இவர் ஆளை அவர் வரைய, அவர் ஆளை இவர் வரைய, யாரும் துணியை எடுக்கவில்லை பாருங்கள். உங்கள் கையில் நடுக்கம் எதுவும் இல்லை, அக்கா சொன்னாள், இப்போதும் மார்கழியில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுக்கிறீர்களாம்.

என் கடைக்கு ஃபிளெக்ஸில் போர்டு வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. உங்களிடம் வந்து கேட்டேன். மறுப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பித்து விடிய நாலு மணிக்கு முடித்தீர்கள், நான் டீ வாங்கிக்கொடுத்ததோடு சரி. காலையில் பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் வைத்து, 1,400 ரூபாய் என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தீர்கள். சொந்த மச்சினனுக்கு. அந்தப் பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. ரொம்ப நாள் அதைக் கோபத்தில்தான் வைத்திருந்தேன்.

போர்டில் சிவப்பு மட்டும் வெளுத்திருக்கிறது, கருப்பும் மஞ்சளும் அப்படியே. இருபது வருஷ வெயில். பக்கத்தில் நான் தொங்கவிட்ட ஃபிளெக்ஸை எத்தனை தடவை மாற்றினேன் என்று கணக்கே இல்லை. நேற்று அந்தச் சலூன் முகத்தையும் பழைய போட்டோ ஒன்றில் பெரிசாக்கிப் பார்த்தேன். நீங்கள் வைத்த கண் என்னைப் பார்க்கவில்லை, கொஞ்சம் தள்ளி எங்கோ பார்க்கிறது. புத்தகத்திலும் அப்படித்தான். நான் வைத்தது நேராகப் பார்த்தது.

சனிக்கிழமை போர்டை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன். வாடகை கொடுத்தாயிற்று, நீங்கள் கொடுக்க வேண்டாம். சிவப்பைத் திருப்பி அடிப்பதாக இருந்தால் ஒரு போன் போடுங்கள், எழுத்துக்கு நிழல் போட வருகிறேன்.

உங்கள் மாப்ள