மரங்கொத்தி அட்டையில் படம் ஒன்று, பெயர் வேறொன்று: திருத்தித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளுக்காக நீங்கள் போட்டிருக்கும் அட்டைத் தொகுப்பை எங்கள் பள்ளி இயற்கை மன்றத்துக்காக வாங்கினோம். அதில் மூவிரல் பொன்முதுகு மரங்கொத்தி என்று ஓர் அட்டை இருக்கிறது. அதிலுள்ள படம் அந்தப் பறவையுடையது இல்லை, பெரிய பொன்முதுகு மரங்கொத்தியுடையது. இதைச் சொல்லி ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பினேன். "இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், குழந்தைகளுக்கு இது போதும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் படத்தில் இருக்கும் காலைப் பாருங்கள். பறவை பக்கவாட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது, பட்டைமேல் நான்கு விரல்கள் தெளிவாக விரிந்திருக்கின்றன. அட்டையின் பின்பக்கத்திலோ "காலில் மூன்று விரல்களே உண்டு" என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். ஒரே அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று மறுக்கும்போது பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

விரலை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. காட்டில் விரலை எண்ணுவது நடக்கிற காரியமும் இல்லை, நாம் பைனாகுலரைத் தூக்குவதற்குள் பறவை தண்டின் மறுபக்கம் போய்விடும். முகத்தையும் பிடரியையும் பார்ப்பதுதான் நல்லது. மூவிரல் மரங்கொத்திக்கு அலகிலிருந்து கழுத்துக்கு இறங்கும் மீசைக்கோடு ஒற்றைக் கறுப்புப் பட்டை, நடுவில் பிளவு கிடையாது, பிடரியும் கறுப்பு. பெரியதற்கு அந்த மீசைக்கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் வெள்ளையைச் சூழ்ந்துகொண்டு போகும், பிடரி வெள்ளை, கண்ணும் வெளிறிய மஞ்சளாகத் தெரியும். மூவிரலுக்குக் கண் கருமை. அலகையும் பாருங்கள், பெரியதற்கு அது தலை நீளத்துக்குக் குறையாமல் நீண்டிருக்கும், மற்றதற்குக் குட்டை. உங்கள் படத்தில் பிரிந்த மீசை, வெள்ளைப் பிடரி, வெளிறிய கண், நீண்ட அலகு நான்குமே இருக்கின்றன. இதற்கு மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வாலுக்கு மேலே சிவப்பாக இருப்பதை முக்கிய அடையாளமாகத் தடித்த எழுத்தில் போட்டிருப்பதும் உதவாது, அந்தச் சிவப்பு இரண்டுக்கும் உண்டு. சமவெளியில் தென்னந்தோப்பிலும் ஊருக்குள்ளும் நாம் பார்க்கிற சாதாரண பொன்முதுகு மரங்கொத்தியைப் பிரித்தறியத்தான் அது பயன்படும், அதற்கு அந்த இடம் கறுப்பு, தொண்டையும் கறுப்பு.

பெண் பறவைக்குப் படமே இல்லை என்பது இன்னொரு குறை. பெரியதின் பெண்ணுக்குக் கறுப்புக் கொண்டையில் உருண்டையான வெள்ளைப் புள்ளிகள், மூவிரலின் பெண்ணுக்கு மெல்லிய வெள்ளைக் கீற்றுகள். ஆணுக்குச் சிவப்புக் கொண்டை என்று மட்டும் படித்த பிள்ளை ஒரு பெண் பறவையைப் பார்த்தால் எதோடு ஒப்பிடும்?

"ஒரே மாதிரி" என்று உங்கள் ஊழியர் எழுதினாரே, இவை நெருங்கிய சொந்தம்கூட இல்லை. மூவிரல் டைனோபியம் பேரினம், பெரியது கிரைசோகோலாப்டிஸ். இந்த இரண்டாவது பேரினத்துக்கு நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டத்துப் பெரிய மரங்கொத்திகளான கேம்பெஃபிலஸ். நிறம் மட்டும்தான் இப்படி ஒத்துப்போயிருக்கிறது. அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டிய ஜோடி இது.

எங்கள் பிள்ளைகள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு, பார்த்ததைப் பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் பதிகிறார்கள். இந்த அட்டையை நம்பிப் பதிந்தால் அங்கே இல்லாத பறவை இருப்பதாகவும் இருக்கிற பறவை இல்லாததாகவும் கணக்கு மாறிப்போகும். சின்ன விஷயம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். சரியான படத்தோடு அந்த அட்டையைத் திரும்ப அச்சிட்டு, ஆண் பெண் இரண்டையும் போட்டு, இதுவரை வாங்கிய எல்லோருக்கும் இலவசமாக அனுப்புங்கள். அதுவரை உங்கள் விற்பனைப் பக்கத்தில் திருத்தக் குறிப்பு ஒன்றைப் போடுங்கள். அப்புறம், அடுத்த பதிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் பறவை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அட்டையின் இருபக்கப் படங்களையும், காலும் பிடரியும் தெரியும்படி பெரிதாக்கிய படத்தையும் இணைத்திருக்கிறேன். எப்போது திருத்தி அனுப்புவீர்கள் என்று தேதியோடு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இயற்கை மன்றப் பொறுப்பாசிரியர்